உருவப்படம் சாட்சி சொல்லாது

சேலத்தை ஆண்ட முதல் ஆங்கிலேயப் படை அதிகாரிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரைக்கு மறுமொழி எழுதாமல் இருக்க முடியவில்லை. தாமஸ் மன்றோவின் கடிதங்களும், லண்டனில் தீட்டப்பட்ட அவருடைய உருவப்படமும் போதும், அவர் குடியானவனின் காவலர் என்று நிறுவ, என்கிறார் கட்டுரையாளர். பாராமகாலில், அதாவது கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில், நீதி என்பதே அவர் வந்த பிறகுதான் பிறந்தது என்கிறார். காக்பர்ன் துரை காப்பிச் செடியைக் கொண்டுவரும் வரை சேர்வராயன் மலை ஆளில்லாக் காடாகக் கிடந்தது என்கிறார். ஆகவே மன்றோவின் படத்தை அந்த மலையிலுள்ள ஏற்காட்டில் மாட்டி மரியாதை செய்ய வேண்டும் என்று முடிக்கிறார். தாம் சாட்சிக்கு அழைக்கும் ஆவணங்களை அவர் புரட்டிப் பார்த்திருந்தால் இதில் ஒரு வரியைக்கூட எழுதியிருக்க மாட்டார். எழுதிவிட்டார், பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் படம். மன்றோவின் முகத்தில் தெரியும் கருணையையும் உறுதியையும் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறார். மார்ட்டின் ஆர்ச்சர் ஷீ என்ற ஓவியர் மன்றோவைத் தீட்டியது 1819இல். அப்போது மன்றோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மராத்தியப் போரில் வென்று ஊர் திரும்பி, சர் பட்டம் பெற்று, சென்னைக்கு ஆளுநராகப் போகவிருந்த நேரம். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கம் அவர் வேலை பார்த்ததோ 1792 முதல் 1799 வரை. இருபது ஆண்டு கழித்து, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, பதவி உயர்வின் வாசலில் நின்றவரைக் கூலிக்கு வரைந்த ஓவியத்தைக் கொண்டு, பாராமகால் குடியானவனிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று ஒருவர் தீர்ப்புச் சொல்கிறார். இதை ஆராய்ச்சி என்று அச்சடித்தது வாசகர்களுக்குச் செய்த அவமரியாதை.

உருவப்படம் என்பது யாரோ கேட்டு, யாரோ காசு கொடுத்து, எங்கே மாட்டப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகு தீட்டப்படுவது. அதில் இருப்பது அந்த மனிதர் எப்படி நினைக்கப்பட வேண்டும் என்று விரும்பினாரோ அது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1792இல் திப்பு சுல்தானின் இரு பிள்ளைகளைக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிணையாகப் பெற்ற காட்சியை ராபர்ட் ஹோம் பெரிய ஓவியமாக்கினார். பெற்ற பிள்ளைகளைத் தகப்பனிடமிருந்து பிரித்து, மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய்க்கு ஈடாகப் பிடித்து வைத்த செயல் அது. பரிவு பொங்கும் வரவேற்பாக அது ஓவியத்தில் ஏறியது. அதே ஒப்பந்தத்தில்தான் பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்குப் போயின. சேர்வராயன் மலையின் ஆங்கிலேய வரலாறு அந்தக் கையெழுத்தில் தொடங்குகிறது.

கட்டுரையாளர் அமெரிக்கர்களை முன்மாதிரி காட்டுகிறார்: அவர்கள் தங்கள் பழைய படைத்தலைவர்களின் தாள்களையும் படங்களையும் போற்றிப் பாதுகாக்கிறார்கள், நாமோ வெள்ளைக்காரன் என்று ஒதுக்குகிறோம், என்று. சரி, அங்கேயே போவோம். ஜார்ஜ் வாஷிங்டனை கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796இல் தீட்டிய முகம் உலகமே அறிந்தது. ஒரு டாலர் நோட்டில் இருப்பது அதுதான். உதடு இறுகி, கன்னத்தின் கீழ்ப்பகுதி உப்பியிருக்கும். நூறாண்டுக்கும் மேலாக அதை மன உறுதியின் அடையாளம் என்று பார்த்தவர்கள் உண்டு. வாயில் புதிதாகப் பொருத்திய பொய்ப்பல் கட்டுதான் அந்த இறுக்கத்துக்குக் காரணம் என்று பின்னால் சொன்னார்கள். வாஷிங்டன் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் 1784 மே மாதத்தில் ஒரு வரவு செலவுக் குறிப்பு இருக்கிறது: பல் வைத்தியர் பெயரைச் சொல்லி, ஒன்பது பற்களுக்காகக் கறுப்பின மக்களுக்குக் கொடுத்த பணம். அந்தப் பற்கள் வாஷிங்டனின் வாய்க்குள் போயினவா என்று அந்த வரி சொல்லவில்லை. ஆனால் அவருடைய பண்ணையில் அடிமைகளின் வாயிலிருந்து பல் விலைக்கு வாங்கப்பட்டது என்பதை அந்த ஒற்றை வரி மறைக்காமல் சொல்கிறது. அமெரிக்கர்கள் அந்த வரியையும் வெளியிட்டார்கள். வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் மாளிகையில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர்களிடமிருந்து கற்க வேண்டியது அதைத்தான். படத்தை மாட்டிவிட்டுக் கணக்கைப் பூட்டி வைப்பதற்கு அவர்கள் பெயரை இழுக்கக் கூடாது.

நம் கணக்குக்கு வருவோம். பாராமகாலை ஆள சிவில் அதிகாரிகளை அனுப்பாமல் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்ற படை அதிகாரியை ஏன் அனுப்பினார்கள்? சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகள் தெரியவில்லை, வருவாய் வேலையும் தெரியவில்லை என்று காரன்வாலிஸே கருதினார். அதனால் ரீடும், அவருக்குக் கீழே மன்றோ, கிரகாம், மெக்லவுட் ஆகிய மூன்று உதவியாளர்களும் வந்தார்கள். நிலத்தை வயல் வயலாக அளந்து, குடியானவனோடு நேராகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை இவர்கள் காலத்தில் இங்கேதான் உருவானது. அதைத் தொடங்கியவர் ரீடு. மன்றோ அவரிடம் வேலை பழகியவர். கட்டுரையில் ரீடின் பெயர் ஒரே ஒரு முறை, அதுவும் அடைப்புக்குறிக்குள் வருகிறது. சென்னைத் தீவுத்திடல் சாலையில் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை மேல் மன்றோ இருக்கிறார். 1839இல் நிறுவிய சிலை, செதுக்கியவர் சான்ட்ரி. ரீடுக்கு அப்படி ஒரு குதிரை இல்லை. சிலையைப் பார்த்து வரலாறு எழுதினால் இப்படித்தான் ஆகும்.

அந்தக் காலத்தின் தாள்கள் பாராமகால் ஆவணங்கள் என்ற பெயரில் 1907 முதல் சென்னை அரசு அச்சகத்தில் பகுதி பகுதியாக அச்சாயின. பகுதிகளின் தலைப்புகளையாவது கட்டுரையாளர் பார்த்திருக்கலாம். நிர்வாகம், குடிகள், விளைபொருள், சொத்து, நிலவாடகை, வரிகள். குடிகளைப் பற்றிய பகுதியில் சாதி சாதியாகப் பழக்கவழக்கம், கல்யாணம், சாவு, தொழில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அருமையான செய்திகள், இன்று நம் ஊர்களின் இருநூறு ஆண்டு முந்தைய வாழ்க்கையை அறிய அதைவிட நெருக்கமான எழுத்து குறைவு. ஆனால் அதை எழுதியது அன்பினால் அல்ல. யாரிடம் என்ன இருக்கிறது, எந்த நிலம் எவ்வளவு தாங்கும், எந்தத் தறிக்கு எவ்வளவு போடலாம் என்று தெரிந்தால்தான் கம்பெனி தீர்வை நிர்ணயிக்க முடியும். அதற்காக எழுதினார்கள். அந்தத் தகவலைச் சொன்னவர்களும், கணக்கெடுத்து எழுதியவர்களும் நம் ஊர்க் கர்ணங்களும் முன்ஷிகளும். ஆவணத்தைப் புகழ்வதானால் அவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. கட்டுரையில் அவர்கள் இல்லவே இல்லை.

மன்றோ வரும்முன் நீதி இல்லை என்பதற்கு மன்றோவையே கேட்போம். 1807இல், கடப்பை, பல்லாரி அடங்கிய மாவட்டங்களை விட்டுப் போகும்போது, அவர் ஓர் அறிக்கை எழுதினார். அரசு கேட்கும் தீர்வை மொத்த விளைச்சலில் நூற்றுக்கு நாற்பத்தைந்து அளவுக்கு இருக்கிறது. அதில் கால்பங்கைக் குறைத்து மூன்றில் ஒரு பங்காக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலத்துக்கு விலையே இருக்காது என்பது அதன் சாரம். யார் போட்ட தீர்வை அது? அவரே போட்டது. ஏழாண்டு வசூலித்த பிறகு, இது தாங்காது என்று எழுதினார். கம்பெனி அரசாங்கம் அதை ஏற்கவில்லை, பணத்தேவை இருந்தது. ஒருவர் கட்டத் தவறினால் பாக்கியை ஊரார் ஏற்க வேண்டும், அந்தப் பொறுப்பு நூற்றுக்குப் பத்து வரை, என்ற ஏற்பாடும் அதே முறைக்குள் இருந்தது. குடியானவனோடு நேருக்கு நேர் என்று பெருமை பேசிய முறையில், பக்கத்து வயல்காரன் தவறினால் உன் மாடும் போகும். மன்றோ இதையெல்லாம் ஒளிக்கவில்லை. அவருடைய தாள்களில் உள்ள நேர்மை அதுதான். அந்த நேர்மையைத் தூக்கி எறிந்துவிட்டு, படத்தில் உள்ள முகத்தை வைத்துக் காவலர் பட்டம் கட்டுவது மன்றோவுக்கே செய்யும் அநீதி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மன்றோவை வில்லனாக்க வேண்டும் என்பது என் எண்ணம் அல்ல. இந்தியர்களைப் பெரிய பதவிகளிலிருந்து ஒதுக்கி வைப்பது அவர்களை இழிவுபடுத்தும் என்று 1824 டிசம்பரில் ஆளுநராக இருந்து எழுதியவர் அவர். ஆளுகையின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுத அன்று யாருக்கும் அவசியம் இல்லை. 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தபோதும் அவர் சுற்றுப்பயணத்தில்தான் இருந்தார். வரலாற்றாசிரியர் ரமேஷ் சந்திர தத் போன்றவர்கள் அவரை மதித்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதே தத்தான் தீர்வைக்கு நிலையான வரம்பு இல்லாத ரயத்துவாரியைக் கடுமையாகச் சாடினார். கட்டுரையாளர் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார். பாதியை மறைத்துப் பாராட்டு வாங்கிக் கொடுப்பது வரலாற்று நூலாசிரியர் செய்யும் வேலை அல்ல.

அவர் மிகவும் புகழும் இன்னொரு சீர்திருத்தத்தையும் பார்ப்போம். 1816இல் மன்றோவின் யோசனைப்படி மாஜிஸ்டிரேட் அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் கலெக்டரிடம் வந்தன. தாலுகாவில் தாசில்தாரே போலீஸ் தலைவர். மக்களுக்கு நெருக்கமான ஆட்சி என்று கட்டுரை இதைக் கொண்டாடுகிறது. கிஸ்து வசூலிக்க வருகிறவனும், வசூலிக்க வந்தவன் அடித்தான் என்று முறையிட்டால் விசாரிக்க வேண்டியவனும் ஒரே ஆள் என்று ஆனது. விளைவு என்ன என்று யூகிக்க வேண்டியதில்லை. 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்து, சென்னை மாகாணச் சித்திரவதை பற்றி விசாரிக்கக் குழு போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் 1855இல் அறிக்கை தந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் அவர்களிடம் வந்திருந்தன. கிட்டி என்றொரு கருவி: இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து இறுக்குவார்கள். அண்ணாந்தாள் என்றொரு முறை: தலையைக் குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவார்கள், சில நேரம் முதுகில் கல் ஏற்றுவார்கள். வெள்ளத்தாலோ வறட்சியாலோ விளைச்சல் போன குடியானவனிடம் வரிபாக்கிக்காக இதெல்லாம் நடந்தது என்று அந்த ஆங்கிலேயக் குழுவே எழுதியது. வருவாயும் போலீசும் ஒரே கையில் இருப்பதே நோயின் வேர் என்பது அன்றே பேசப்பட்டது; தனிப் போலீஸ் சட்டம் 1859இல் வந்தது. மன்றோ இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பா என்று கேட்கலாம். அடித்த கை அவருடையது அல்ல. அந்தக் கைக்கு இரண்டு அதிகாரத்தையும் கொடுத்த ஏற்பாடு அவருடையது. ஏற்பாட்டைப் புகழ்கிறவர் விளைவையும் எழுத வேண்டும்.

பட்டா கிடைத்தது யாருக்கு என்ற கேள்வியையும் கட்டுரையாளர் தொடவில்லை. நிலத்தை வைத்திருந்தவர் பெயர் பதிவில் ஏறியது. ஏர் பிடித்த பண்ணையாள் எங்கும் ஏறவில்லை. நூறு ஆண்டு கழித்து, 1890களின் தொடக்கத்தில், செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹியர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமின்மையைப் பற்றி அறிக்கை எழுத வேண்டி வந்தது. சேலத்திலோ ரயத்துவாரியே தொடர்ந்து இருக்கவில்லை. இடையில் 1802 முதல் நிலங்களை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். மிட்டாதார்கள் பலர் கட்ட முடியாமல் விழுந்தார்கள், அவர்களுக்குக் கீழே இருந்த குடிகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. சேலத்துக்காரர் ஒருவர் சேலத்தைப் பற்றி எழுதும் கட்டுரையில் மிட்டா என்ற சொல்லே இல்லை என்பதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

இனி மலைக்கு வருகிறேன். எனக்கு அதிகம் வலித்தது இந்தப் பகுதிதான்.

சேர்வராயன் மலை ஆளில்லாக் காடு என்று எழுதக் கை எப்படி வந்தது? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியும் பழமரங்களும் வைத்தார், கிரேஞ்ச் தோட்டத்தைத் தொடங்கினார், யாரும் மறுக்கவில்லை. அவர் ஏறிப்போன மலையில் அவருக்கு முன்பே நாடுகள் இருந்தன. சாலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று. ஒவ்வொன்றிலும் பட்டக்காரர், அவருக்குக் கீழே மூப்பன், பஞ்சாயத்து, தண்டம், திருமணத்துக்கும் தீட்டுக்கும் விதிகள். இதையெல்லாம் எழுதி வைத்தது ஆங்கிலேயர்களின் மாவட்டக் கையேடுகளே. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்று இந்த மலைப் பழங்குடியினரான மலையாளி மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த மூவர் கதை சேர்வராயன் மலையையும் பச்சைமலையையும் கொல்லிமலையையும் ஒரே குடும்பமாக்குகிறது. சாமையும் கேழ்வரகும் விதைத்து, மாடு கட்டி, மலை உச்சியில் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் வைத்துக் கும்பிட்டவர்கள் அவர்கள். ஒவ்வொரு மே மாதமும் அந்தக் குகைக் கோயிலில் கூடும் கூட்டத்தில் ஒரு முறை நின்று பார்த்தவர் யாரும் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

இன்னும் பின்னால் போகலாம். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான ராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்கால ஆயுதத்தை அடையாளம் கண்டவர், கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. இந்த மலையில் கிடைத்த புதிய கற்காலக் கோடரிகளை அவர் சேகரித்தார். அவர் திரட்டிய கற்கருவிகள் பின்னால் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. வழவழவென்று தேய்த்து, ஒரு முனை கூராகவும் மறுமுனை கையில் அடங்கும்படியும் செய்த கறுப்புக் கல் கோடரிகள். அவற்றைக் கோயில் மேடையில் வரிசையாக வைத்து, மஞ்சளும் குங்குமமும் பூசிக் கும்பிடும் வழக்கம் மலையாளி ஊர்களில் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டு முன்பு இந்த மலையில் மரம் வெட்டிய கையின் கருவியை, இன்றும் ஒருவர் காலையில் கழுவித் துடைத்து வைக்கிறார். கட்டுரையாளரின் ஆளில்லாக் காடு அதுதான்.

ஆளில்லை என்று எழுதுவது கைதவறி நேர்ந்த பிழை அல்ல. தோட்டம் போடுவதற்கு முன்னால் அப்படி எழுதிக்கொள்வது எங்கும் நடந்திருக்கிறது: ஆள் இல்லை என்றால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் விலை கொடுக்க வேண்டியதில்லை. காப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக மலையாளி மக்கள் தங்கள் மலையிலேயே கூலிக்குப் போனார்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி இன்று பழங்குடியினருக்கான தனித் தொகுதி. அந்த ஒரு செய்தியே அவருடைய வாதத்தை முடித்து வைக்கப் போதும். யாரும் இல்லாத மலைக்கு யாருக்காக அந்த ஒதுக்கீடு?

படத்தை எங்கே மாட்டலாம் என்ற கோரிக்கைக்கு என் பதில் இது. மன்றோ ஏற்காட்டில் வாழ்ந்தவர் அல்ல. தருமபுரியில் தோட்டம் போட்டு, அதைப் பற்றித் தங்கைக்கு ஆசையாகக் கடிதம் எழுதியவர். அவர் படம் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கட்டும். ஏற்காட்டுக்கு வேறொன்று வேண்டும். பாராமகால் ஆவணங்களை அரசு முழுமையாகத் தமிழில் கொண்டுவர வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள சேலம் மாவட்டத் தாள்களையும் சேர்த்து, குறிப்புகளோடு, விலை குறைவாக. அந்தத் தொகுதிகள் ஏற்காட்டு நூலகத்திலும் மலைமேல் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் இருக்க வேண்டும். தங்கள் முன்னோரைப் பற்றி அந்தப் படை அதிகாரிகள் என்ன எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்பதை மலையாளிப் பிள்ளைகள் தாங்களே படித்து முடிவு செய்யட்டும். கட்டுரையாளர் அதற்காகக் கையெழுத்துத் திரட்டுவாரானால் முதல் கையெழுத்து என்னுடையது. அதற்கு முன், ஆளில்லாக் காடு என்று எழுதிய வரியை அடுத்த இதழில் அவர் திரும்பப் பெற வேண்டும்.